பதினொரு நொடி

பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் என் கடை.
துளசிமணியக்கா முந்தானை முடிச்சவிழ்த்து
நகத்தளவு மெமரி கார்டை வைத்தார்.
"புதுப் போன்ல ஓட மாட்டேங்குதுங்."

த்ரீஜிபி. பதினொரு நொடி.
கட்டம் கட்டமாய்த் தறிக்கூடம்,
முகமில்லாத ஒரு சட்டை,
நோட்டெண்ணும் விரல்கள்.

எம்பி ஃபோராக மாற்றினேன்.
படம் வந்தது,
ஊமையாக.

வேறொரு மென்பொருள் இறக்கி
மறுபடி மாற்றியதில்
கடை முழுக்கத் தறிச்சத்தம்.
அதற்கடியில் யாரோ,
"கணக்கு நேராச்சுங்."

"இதுக்குத்தானுங் வந்தேன்.
நாளைக்குப் பேச்சுவார்த்தை.
வாங்கவே இல்லைங்கறாங்க."

முகம் தெரியலியேக்கா, குரலும் தெளிவில்லை.

"நாலாந்தறி நொண்டுது, கேளுங்க.
அந்த நொண்டல்
இந்த ஊர்ல வேற ஆரு கூடத்துலீங் இருக்குது?"

சத்தம் கூட்டி இன்னொருமுறை ஓடவிட்டேன்.
மூன்று நேராய் அடித்தன.
ஒன்று நொண்டியது.