ஒன்று உள்ளே

கப்பலுக்கு ரெண்டரை வயசு.
ஹார்பரில் ஏதோ ஒன்று விடாமல் ஊளையிட்ட ராத்திரி
கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட் சுவரோரம் பிறந்ததால்
அந்தப் பேர்.

போன தையிலிருந்து
என் தோளைத் தேடுகிறது அதன் பல்.
கொள்ளு வாளியோடு கிட்டப் போனால்
முன்னங்கால் ரெண்டும் அந்தரத்தில்.
எங்கேயோ மிண்ட் பக்கம் ஒரு பெட்டை கனைத்தாலும்
தகரக் கதவு நெளிகிறது.

தரகர் இலியாஸ் வாலை ஒதுக்கிக்
கைவிட்டுப் பார்த்தார்.
“ஒண்ணுதாம்மா எறங்கிக்கீது.
இன்னொண்ணு மேலயே தங்கிப்போச்சு.
தெரியறத எடுத்துட்டா முடிஞ்சுது.
அப்பால எவன் குனிஞ்சு பாக்கப்போறான்?
காயடிச்ச குதிரைன்னு பல்லாவரத்துக்காரன் தலையில கட்டிடலாம்.
அறுபதாயிரம்.”

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.
முடியாது என்று சொல்லவில்லை.
அதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.
பல்லாவரத்தில் ஒரு மாப்பிள்ளை,
பைக்கில்கூடப் பின்னால் உட்கார்ந்தே பழகியவன்,
முகத்தில் பூத்திரை, வாடகை ஷெர்வானி,
பேண்டு, ஆயிரம் வாலா.
எதிர் ஊர்வலத்தில் ஒரு பெட்டைக் குதிரை.
வயிற்றுக்குள் யாரும் எண்ணாத ஒன்று
கண் விழிக்கிறது.

வேப்பேரியில் டாக்டர் வேதவல்லி
தொடை இடுக்கில் கையை வைத்து
ரேடியோ கேட்பவர் மாதிரி நின்றார்.
“உள்ள இருக்கற சூட்டுல குட்டிக்கு வழி கிடையாது, மேபல்.
ஆனா கோவத்துக்கு உண்டு.
முதல்ல ஒளிஞ்சிருக்கறத எடுப்பேன்.
அது கிடைக்கலைன்னா
கீழ இருக்கறதத் தொடமாட்டேன்.”

முந்தின ராத்திரி பட்டினி.
காலி வாளியை விடியும்வரை உதைத்தது.
குட்டி யானை வண்டியில் குதிரை;
பேசின் பிரிட்ஜ் நெரிசலில்
பஸ் ஜன்னலெல்லாம் சிரிப்பு.
டிரைவர் சுரேந்தர் மட்டும் சிரிக்கவில்லை.
அவனுக்கு விஷயம் தெரியும்.

ஊசி ஏறியதும்
மடக்குக் கட்டில் மாதிரி முழங்கால்கள் ஒவ்வொன்றாக.
கண்ணுக்கு என் பழைய துண்டு.
பின்னங்கால் கயிற்றைப் பிடித்த சுரேந்தர்
வேப்பமரத்தில் ஒரு காக்காயைப் பார்த்தபடியே இருந்தான்,
இருபத்தைந்து நிமிஷம்.
அவ்வளவு நேரம் தேடின டாக்டரின் விரல்கள்.
சதைக்குள், இருட்டில்,
பேர் சொல்லிக் கூப்பிட முடியாத ஒன்றை.

வந்தது.
வெந்த பலாக்கொட்டை அளவு.
அதைவிடத் தளர்ச்சி.
இதற்கா, என் தகரக் கதவு?

அடுத்தது வாத்து முட்டை மாதிரி, லட்சணமாக,
வெளியே தொங்கிக்கொண்டிருந்த குற்றம் தவிர
வேறெதுவும் தெரியாதது.
இடுக்கியில் பாக்குவெட்டிச் சத்தம்.
சுரேந்தர் உட்கார்ந்துவிட்டான்.

“எண்ணிக்குங்க” என்று தட்டை நீட்டினார் டாக்டர்.
எண்ணினேன்.
ஒன்று. ரெண்டு.
சீட்டுக் காசைக்கூட
இத்தனை ஜாக்கிரதையாக எண்ணியதில்லை.

தையல் இல்லை; புண் வடியவேண்டும்.
மறுநாளிலிருந்து காலையும் மாலையும் நடை.
நிற்கவிட்டால் வீங்கும்.
கூட்ஸ் ஷெட் சுவரோரம் நான் முன்னே, அது பின்னே,
புழுதியில் சொட்டுச் சொட்டாக
எங்கள் கணக்கு.
ஈ விரட்ட வேப்பெண்ணெய்.
“ஆறு வாரம் பெட்டைப் பக்கம் விடாதீங்க.
எடுத்தாச்சுன்னு உடம்புக்கு உடனே தெரியாது.”

இலியாஸ் போன் செய்தார்.
“எத்தினி எடுத்தாங்கோ?”
“ரெண்டும்.”
“செலவு?”
“பதினாலு.”
கொஞ்ச நேரம் அவர் பக்கத்து மிக்சி மட்டும் ஓடியது.
“சரி, அறுபத்தஞ்சு கேக்கறேன்.”
இந்தமுறையும் நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

பத்தொன்பதாம் நாள் மறுபடி கடித்தது.
ஜாக்கெட் கை மட்டும் கிழிந்தது.
பல் தோலைத் தொட்டு நின்று,
எதற்காக வந்தோம் என்பது
பாதியில் மறந்ததுபோல்
வாயைத் திறந்தபடியே இருந்தது கப்பல்.
கொள்ளு வாளியை நகர்த்தி வைத்தேன்.