இரத்தம், ஒரு தேக்கரண்டி

பதிப்பாசிரியை எழுதியிருந்தாள்:
பதினொரு வயதுக்கு இரத்தம்
ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.
நஞ்சு பரவாயில்லை.

ஆகவே ஹாஸ்கெட்டுக்கு நஞ்சு.
தண்டர் பே கர்லிங் கிளப்பின் பொருளாளர்,
அறுபத்தெட்டு வயது,
சூப்புக் காசில்கூடக் கள்ளக் கணக்கு எழுதியவர்.
ஒருவருக்கும் பிடிக்காது.
சாவதற்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்?

சுப்பீரியர் ஏரியிலிருந்து புயலைக் கூப்பிட்டேன்.
பதினேழாம் நெடுஞ்சாலையை மூடினேன்
(கற்பனைச் செலவில்லை, போன கிழமை
உண்மையாகவே மூடிக்கிடந்தது).
உள்ளே ஏழு பேர், ஒரு பெரிய சூப்புச் சட்டி.
வாசல் பனியில் வந்த காலடிகள் மட்டும்.
போன காலடி ஒன்றுமில்லை.

துப்பை ஒளித்து வைப்பது அழுகுணி ஆட்டம்.
வாசிப்பவர் கண்ணெதிரே வைக்க வேண்டும்,
வைத்த கையோடு
பக்கத்தில் ஒரு பூனையை நடக்கவிட வேண்டும்.
நாலாம் அத்தியாயத்தில்
மேசையில் இரண்டு உப்புப் போத்தல் என்று எழுதினேன்.
அடுத்த வரியில் பூனை பாய்ந்தது,
பீங்கான் உடைந்தது.
எல்லாரும் பூனையைத்தான் பார்ப்பார்கள்.

தர்மிகா பார்க்கவில்லை.
அக்காவின் மகள், ஆறாம் வகுப்பு,
பல்லுக்குக் கம்பி போட்டு மூன்று நாள்.
கஞ்சியை உறிஞ்சிக்கொண்டே
பச்சைப் பென்சிலால் ஓரத்தில் கேட்டிருந்தாள்:
ஏன் ரெண்டு உப்பு?
முப்பத்தெட்டாம் பக்கத்தில்
கொலைகாரியின் பெயரைச் சுற்றி ஒரு வட்டம்.
எனக்கோ இன்னும் நூற்றுப்பத்துப் பக்கம் மிச்சம்.

சரி, திருத்தலாம்.
ஒரு போத்தலை ஜன்னலோரம் நகர்த்தலாம்.
ஆனால் கடைசித் தாளில்,
எல்லாம் வெளித்து
ஆறு பேரும் பொலிஸ்காரியும் கோப்பி குடிக்கிற இடத்தில்:
சித்தி, ஒருத்தரும் அழேல்லையே?

இது அந்த மாதிரிக் கதையில்லை என்றேன்.
செத்தவர் ஒரு பூட்டு,
நாங்கள் திறப்பைத்தான் தேடுகிறோம் என்றேன்.
நன்றாகத்தான் சொன்னேன்.
அவள் கோப்பையை வழித்துக்கொண்டு
"அப்ப அந்தப் பூனை ஆரின்ர?" என்றாள்.

தெரியாது.
இரண்டு மாதமாக அதை
மேசைக்கு மேசை பாயவிட்டவள் நான்.

இப்போது இரவு இரண்டு மணி.
பனி வழிக்கும் வண்டி
சுவரில் மஞ்சள் வெளிச்சத்தைச் சுழற்றிவிட்டுப் போகிறது.
ஆறாம் அத்தியாயத்துக்குத் திரும்பி
ஹாஸ்கெட்டின் சட்டைப்பையை மறுபடி சோதிக்கிறேன்.
திறப்புக்கொத்து, ரசீது, கண்ணாடி துடைக்கும் துணி.
பிறகு, முன்பு இல்லாத ஒன்று:
மெழுகுத் தாளில் மடித்த
அரைத் துண்டு மீன்.

கடைசிப் பக்கத்தில் கோப்பி ஆறுகிறது.
பூனை அவருடைய மேலங்கியில் ஏறி
இரண்டு சுற்றுச் சுற்றிப் படுக்கிறது.

இது துப்பு இல்லை.
பச்சைப் பென்சில் இதை
என்ன செய்யுமோ தெரியவில்லை.