இரண்டு பூட்டுக்கும் ஒரே சாவி

மதியம் ஒன்றேகாலுக்கு
ஓசூர் போகும் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும்.
அதற்குள் நாற்பது சைக்கிளின் சீட்டிலும்
சாக்பீஸால் எண் போட்டு
அட்டையில் பாதியைக் கைப்பிடியில் மாட்டி
மீதியைக் கையில் திணித்தாக வேண்டும் நான்.
வாங்கும்போதே ஓடத் தொடங்கியிருக்கும் கைகள்.

சைக்கிளுக்கு ஐந்து ரூபாய்.
பைக்குக்குப் பதினைந்து.
ஏலம் எடுத்த திம்மராயன் சொல்வார்:
"ஒரு பைக் நிக்கிற எடத்துல
ரெண்டு சைக்கிள் நிக்குதும்மா.
அஞ்சு ரூவா நஷ்டம், கணக்குப் பாரு."
பார்த்தேன். சரியான கணக்குதான்.
கூரை பைக்குகளுக்குப் போனது.
கழிப்பறைச் சுவரோரம், வெட்டவெளியில்
சைக்கிள்கள்.

மாங்காய் லாரிகள் போய் முடிந்த மாதம்
மலைப் பாறையில் வெயில் தணியும் முன்பே மழை வந்துவிடும்.
உரச்சாக்குகளைக் கிழித்துச் சீட்டுகளுக்குப் போர்த்துவேன்.
பதினெட்டோடு சாக்கு தீர்ந்துபோகும்.

எல்லாம் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள்கள்.
ஒரே நிறம், ஒரே கூடை,
ஒரே மாதிரி தொண்டை கட்டிய மணி.
பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும்
புத்தகப் பை இறங்கி
சாப்பாட்டுப் பை ஏறிக்கொண்டது, அவ்வளவுதான்.
கட்டிகானப்பள்ளி அம்சவேணியும்
பழையபேட்டை தில்ஷாத்தும்
ஓசூரில் ஒரே கூரையின் கீழ்
எட்டு மணி நேரம் நிற்கிறவர்கள்.
லைன் வேறு என்பதால் பேசிக்கொண்டதில்லை.

அன்று இரவு பதினொன்றரைக்கு பஸ் வந்தபோது
கரண்ட் இல்லை.
சாக்பீஸ் எண்களை மழை தின்றிருந்தது.
அட்டைகள் ஊறி, கையோடு பிய்ந்து வந்தன.
தூக்கத்தில் பாதி இறங்கியிருந்தார்கள் இருவரும்.
சாவியைப் போட்டார்கள், திரும்பியது.
திரும்பினால் தன்னுடையதுதானே.

மறுநாள் மதியம் நான் கண்டுபிடித்துவிட்டேன்.
ஒன்றின் ஸ்டாண்டு வளைந்தது,
குடித்தவன் மாதிரி இடப்பக்கம் சாயும்.
அது அம்சவேணியுடையது.
அதை உருட்டிக்கொண்டு வந்தவள் தில்ஷாத்.

சொல்லியிருக்கலாம்.
அட்டையின் பாதியோடு பாதியைச் சேர்ப்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.
சொன்னால் திம்மராயன் காதுக்குப் போகும்,
சைக்கிளே வேண்டாம் என்பதற்கு
அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும்
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
பயம்தான், வேறொன்றுமில்லை.

தில்ஷாத் ஒரு நாள் கேட்டாள்:
"நின்னு நின்னே குட்டையாயிட்டேனாக்கா?
பெடல் எட்ட மாட்டேங்குது."
இரண்டு நாள் கழித்து அவளே
ஸ்பேனர் வாங்கி சீட்டை இறக்கினாள்.
அம்சவேணிக்கு முழங்கால் ஹேண்டிலில் இடித்தது.
வளர்ந்துவிட்டதாக நினைத்தாளோ என்னவோ,
ஒன்றும் கேட்கவில்லை.
கிறீச்சிட்ட பிரேக்குக்கு
சம்பளத்தன்று புது ரப்பர் போட்டாள்.

இருபத்தாறாம் நாள் பாஸ் புதுப்பிக்க
ஒருத்தி பின்னால் ஒருத்தி நின்றார்கள்.
பில் புத்தகத்தில் கார்பனைச் செருகியபடி
சொல்லிவிட்டேன்.

இருவரும் சுவரோரம் போனார்கள்.
இரண்டு மணியையும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தார்கள்.
"இந்த சீட்டு நான் எறக்குனது."
"அந்த பிரேக்கு எங்காசு."
"அப்ப எது யாருது?"
யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை.
பஸ் ஹாரன் அடித்தது.
இரண்டு சாவியையும் என் மேஜையில் வீசிவிட்டு
ஓடினார்கள், கூப்பிடக் கூப்பிட,
ஒரே ஜன்னலுக்கு.

சாவிகளை மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.
இதுவும் அதைத் திறக்கிறது,
அதுவும் இதை.

மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது.
கூரைக்குக் கீழே, பைக்குகளுக்கு நடுவில்,
ஒரு பைக் நிற்கிற இடத்தில்
இரண்டையும் நிறுத்தியிருக்கிறேன்.
திம்மராயன் வந்தால் கணக்குக் கேட்பார்.
அஞ்சு ரூபாயை எடுத்து
மேஜை மேலேயே வைத்திருக்கிறேன்.