அடுத்த கதவு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
எனக்கு அவரைப் பிடிக்காது.

ஜெலுத்தோங் ஃபிளாட், ஏழாம் மாடி.
ஒரே நடைபாதை, ஒரே கம்பியில் இரண்டு வீட்டுத் துணி.
அவர்கள் நாட்காட்டியில் ஒன்றும் பதினைந்தும் வந்தால்
ஊய் தெய்க் ஹுவாட் பிஸ்கட் டின்னில் தங்கத்தாள் கொளுத்துவார்.
கடற்காற்று என் பக்கம்தான் அடிக்கும்.
ஞாயிறு பூசைக்குத் துவைத்துப் போட்ட வெள்ளைச் சேலையில்
சாம்பல் வந்து உட்கார்ந்திருக்கும்.
தட்டினால் போகாது,
தேய்ந்து பரவும்.

மூன்று வருடம்.
நான் கதவை அறைந்து சாத்துவேன்.
அவர் டின்னை நான்கு அங்குலம் தள்ளி வைப்பார்.
நான்கே அங்குலம்.

ஃபாதர் பிரசங்கத்தில் ‘அடுத்திருப்பவர்’ என்னும்போதெல்லாம்
நான் வெள்ளத்தில் வீடிழந்த கிளந்தானை நினைத்துக்கொள்வேன்,
டிவியில் பார்த்த யாரோ ஒரு எலும்புக் குழந்தையை.
காணிக்கைப் பையில் பத்து வெள்ளி போடுவேன்.
தமிழ் இப்படி முகத்துக்கு நேரே பேசும் என்று
அப்போது உறைக்கவில்லை.
அடுத்து இருப்பவர்.
பன்னிரண்டுக்கு அடுத்து பதின்மூன்று.

மனைவி போன மறுவருடம் அவருக்குச் சிறுநீரகமும் போனது.
மகன் பெர்த்தில்.
ஒரு திங்கட்கிழமை, இருட்டு விலகாத நேரம்,
லிஃப்ட் வாசலில் சுவரைப் பிடித்து நின்றவரிடம்
எங்கே போக வேண்டும் என்று கேட்டது என் வாய்தான்.
நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி,
காலை ஐந்தே முக்கால், என் பழைய கஞ்சில் கார்.
ஒரு நடைக்கு ஐந்து வெள்ளி வாங்கினேன்,
பெட்ரோல் காசு என்று எனக்கே சொல்லிக்கொண்டு.
மூன்றாம் மாதம் நிறுத்தினேன்.
இரக்கமெல்லாம் இல்லை.
பஞ்சு ஒட்டிய கையால் அவர் சில்லறை எண்ணுவதைப்
பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.
காசு நின்ற அன்று
அவர் பின் சீட்டிலிருந்து முன் சீட்டுக்கு மாறினார்.

ஐந்தே முக்கால் என்பது என் செபமாலை நேரம்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து நின்ற நாளிலிருந்து
ஆண்டவருக்கென்று நான் வைத்திருந்த ஒரே நேரம்.
இப்போது சிவப்பு விளக்குக்கு ஒரு மணி உருளும்.
பச்சை விழுந்தால் பாதி மந்திரத்தில் கியர் மாற்ற வேண்டும்.
எந்த மணியில் நின்றேன் என்று மறந்துபோகும்.
மன்னித்துக்கொள்ளும் என்று ஆண்டவரிடம் சொன்னேன்.
பதில் இல்லை.
பக்கத்து சீட்டில் ஒரு இருமல்.

போன சாம்பல் புதன்.
அவரை ஊசிகளிடம் ஒப்படைத்துவிட்டுப் பூசைக்கு ஓடினேன்.
ஃபாதரின் கட்டைவிரல் நெற்றியில் சிலுவை இழுத்தது,
மூக்கிலும் கொஞ்சம் உதிர்ந்தது.
பத்தரைக்கு ஏற்றிக்கொள்ளத் திரும்பினேன்.
பிழிந்து உதறாத துணி போல வெளியே வந்தவர்
என் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றார்.

“அபு,” என்றார். சாம்பல்.
பிறகு திடுக்கிட்டு, “அபு சாயா?”
என் வீட்டுச் சாம்பலா?
இன்றைக்கு எரிக்கவில்லையே என்று
விரல் விட்டு நாள் எண்ணினார்.

விளக்கிச் சொல்லும் அளவுக்கு எனக்கு மலாய் தெரியும்.
பாவம், ஒறுத்தல், நாற்பது நாள்,
எல்லாவற்றுக்கும் சொல் இருந்தது.
அதற்குள் அவர் சட்டைப் பையிலிருந்து டிஷ்யூ எடுத்தார்.
நாளைக்கு அரை லிட்டர்தான் அவருக்குத் தண்ணீர்,
டாக்டர் கோடு போட்ட பாட்டில்.
அதைச் சாய்த்து நனைத்தார்.
மாஆஃப், மாஆஃப் என்று முணுமுணுத்தபடி
என் நெற்றியைத் துடைத்தார்.
நான் குனிந்து கொடுத்தேன்.
பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தேன்.
சிலுவை இல்லை.
தேய்ந்து நெற்றி முழுக்கப் பரவியிருந்தது.

மறுநாள் அவர்களுக்கு ஒன்றாம் தேதி.
சேலையை உள்ளே எடுத்துப் போட்டேன்.
கம்பியில் அவருடைய இரண்டு சட்டைகளும் கிடந்தன,
அவற்றையும்.