புள்ளிக்குக் காசில்லை

மாங்குளம் சந்தியில் வெயில் ஏறுமுன் ஒட்டிவிட வேண்டும்.
ஒன்பதரைக்குப் பிறகு கண்ணாடி சுடும்,
ஸ்டிக்கர் ரொட்டிமாப்போல இளகி
இழுத்த பக்கமெல்லாம் வரும்.
முதல் பஸ்ஸில் வந்தேன்
ரோலை மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி.
அதற்கும் டிக்கெட் கேட்டான் நடத்துநர்.

கதவைத் திறந்தாள் புனிதமலரக்கா.
அவளுக்கு முன் வந்தது
செத்தல் மிளகாய் வறுத்த நெடி.
"எழுத்துக்கு எவ்வளவு எண்டனீர்?"
"நூற்றிருபது."
தாளில் விரல் வைத்து எண்ணினாள்.
மி, ள, கா, ய்
நின்றாள்.
"புள்ளிக்கும் காசோ?"
"இல்லையக்கா, புள்ளி சும்மா."

பழையதை முதலில் சுரண்ட வேண்டும்.
கடன் கொடுக்கும் கம்பனி இருந்து போன கடை.
எழுத்தைக் கழற்றிக்கொண்டுதான் போயிருந்தார்கள்;
சவர்க்காரத் தண்ணீர் தெளித்ததும்
எழும்பி வந்தது
பசையால் ஆன ஒற்றைச் சொல்.

"செவ்வாய்க்கிழமையில
உதுக்கு முன்னாலதான் வரிசையில நிக்கிறனாங்கள்.
சதத்துக்கும் கணக்கு."
அதற்குமேல் அவள் சொல்லவில்லை.
உள்ளே மேசைக்குப் பின் இருந்தவனுக்கு
அந்தச் சொல் வலம் இடமாய்த்தான் தெரிந்திருக்கும்.

மண்ணெண்ணெய், பிளேட், பழைய பனியன் துணி.
க போயிற்று. ட போயிற்று.
ன் மட்டும் சுழியோடு பிடித்துக்கொண்டு கிடந்தது.
பிளேட்டை என் கையிலிருந்து வாங்கி
அவளே சுரண்டினாள்.
போன பிறகும் கொஞ்சம் சுரண்டினாள்.

மிளகாய்ப் படத்தை விரித்துக் காட்டினேன்.
"உது கறிமிளகாயெல்லே!
செத்தல் எண்டால் சுருங்கி இருக்க வேணும்."
காம்பைக் கொஞ்சம் வளைத்து
ஓரத்தை வெட்டி வெட்டி வாட வைத்தேன்.
சிவப்புத் துண்டுகள் காலடியில்.

நூல் பிடித்து, மட்டம் பார்த்து,
ஈரக் கண்ணாடியில் வைத்து
நடுவிலிருந்து ஓரத்துக்கு
காலாவதியான வங்கி அட்டையால் இழுக்கிறேன்.
தண்ணீர் வடிகிறது.
போகாத குமிழிக்கு ஊசி.
பிறகு மேல் டேப்பை மடக்கி, மெல்ல, மிக மெல்ல.
எழுத்துகள் கண்ணாடியில் தங்கின.
கடைசிப் புள்ளி டேப்போடு வந்தது.
பிளேட் நுனியில் எடுத்துத் திரும்பினேன்,
யாரோ உள்ளே சாக்கை உதறினார்கள்.
தும்மினேன்.

மிளகாய்த்தூள.
தெருவில் நின்று அவள் வாசித்தாள்:
"தூள... தூள..."
அடைக்க ஒன்றில்லாமல்
வாய் திறந்து நின்றது சொல்.
அவள் சிரித்த சிரிப்பில்
எதிர்க்கடைச் சைக்கிள்காரன் எட்டிப் பார்த்தான்.

மாச்சாக்குகளுக்கிடையில்
இருவரும் முழங்காலில் தவழ்ந்தோம்.
அகப்பட்டது ஒரு ஸ்டேப்பிள் கம்பி,
கம்பனி ரசீதின் பாதித் துண்டு.
ரசீதை நாலாய் மடித்து
ஆடுகிற கதவின் இடுக்கில் செருகினாள்.
புள்ளி அகப்படவில்லை.
கறுப்பு மிச்சமும் இல்லை.

மிளகாயில் வெட்டிய சிவப்பில்
பேனா மூடியை வைத்துக் கீறி
கையாலேயே வெட்டினேன்.
முழு வட்டம் என்று சொல்ல முடியாது.
"மற்றதெல்லாம் கறுப்பு. ஆரும் கேட்டால்?"
"உறைப்பு எண்டு சொல்லுவம்," என்றாள்,
காசை எண்ணித் தந்தபடி.
எழுத்தளவு. ஒரு ரூபாய் கூடவில்லை, குறையவில்லை.

முறிகண்டியில் பஸ் நின்றது.
கச்சான் விற்ற பெடியன் சரையை நீட்டி
"அக்கா, முழங்கையில ஏதோ ஒட்டிக் கிடக்கு," என்றான்.

நகத்தால் கிளப்பினேன்.
எச்சில் தொட்டுத் தேய்த்தேன்.
அசையவில்லை.
அவளிடம் சொல்லிவிட்டல்லவா வந்தேன்,
வெயிலோ மழையோ
மூன்று வருசத்துக்கு உத்தரவாதம் என்று.