பரவாயில்லை

ஐந்து ரோட்டில், செல்போன் கடைக்கு மேல்மாடியில்
ஓர் அறைக்குச் சாம்பல் வண்ணம் பூசினோம்.
சுவர் பேசக்கூடாது என்பது விதி.
திரையின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு தள்ளி நாற்காலி,
அதன் கால்களைச் சுற்றித் தரையில் சாக்பீஸ் கோடு.
முதலில் கண் பரிசோதனை,
அப்புறம் நிறப் புள்ளிகளுக்குள் ஒளிந்த எண்,
அப்புறம் பத்துப் பத்து விநாடியாக அறுபது படங்கள்.
ஒவ்வொன்றும் முடிந்ததும் பார்த்தவர் ஒன்றைத் தொடவேண்டும்:
மிக மோசம். மோசம். பரவாயில்லை. நன்று. மிக நன்று.

படம் பிடித்ததா என்று கேட்கவில்லை,
எப்படி வந்து சேர்ந்தது என்றுதான் கேட்கிறோம்.
வாய் வலிக்கச் சொன்னேன்.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு பற்றவைக்கும் பரிமளா
'அந்தப் பாப்பா அழுவுதே,
அதுக்குப் போயி எப்படிங்க அஞ்சு போடறது?' என்றார்.

வாரக் கடைசியில் வரைபடம் போட்டால்
நடுவில் ஒரு மலை,
ஜன்னலுக்கு வெளியே நிற்கும் சேர்வராயனைப்போலவே.
எல்லோரும் மூன்று.
தவறு என்னுடையது.
வேறொரு மொழியின் நடுப்புள்ளிக்கு
நான்தான் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தேன்.
பஸ்ஸில் காலை மிதித்தால், பரவாயில்லை.
மீதி இரண்டு ரூபாய் இல்லையா, பரவாயில்லை.
ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்த பெரியப்பா
முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னதும் அதுதான்.
யாராவது எதிர்பாராமல் முதல் மார்க் வாங்கினால்
ஓர் ஏகாரம் மட்டும் கூடும்:
பரவாயில்லையே!

பதினேழாவது ஆள் இருசப்பன்.
ஏற்காட்டு பஸ் ஓட்டுகிறவர்.
இருபது கொண்டை ஊசி, நாளைக்கு நான்கு நடை.
அறுபது படத்திலும் மூன்றைத் தொடாத ஒரே மனிதர்.

நாற்பத்தோராவது படம்
பகோடா பாயின்டில் விடியற்காலைப் பனிமூட்டம்.
நானே போய் நடுங்கிக்கொண்டு எடுத்தது.
அதைப் பிழிந்து பிழிந்து
பத்தில் ஒரு பங்காக்கிய பிரதி.
எங்கள் சூத்திரம் அதற்கு 4.4 தந்திருந்தது.
மற்றவர்களும் நான்கு, நான்கு, ஐந்து, நான்கு.
மூட்டத்தில் கெட்டுப்போக என்ன இருக்கிறது?
இருசப்பன் ஒன்றைத் தொட்டார்.
வரிசை மாறி மறுபடி வந்தபோதும் ஒன்று.

காரணம் கேட்கக்கூடாது என்பதும் விதி.
கேட்டேன்.

'மூட்டம் படி வச்சு எறங்காதுங்க.
இதுல பாருங்க, வரப்பு கட்னாப்ல நிக்குது.
நெசத்துல இப்படி வந்துச்சுன்னா
நான் வண்டிய ஓரங்கட்டிருவேன்.'

சராசரியை விட்டு ரொம்பத் தள்ளி,
அதுவும் அடிக்கடி தள்ளி நிற்பவரை
நீக்கிவிடு என்கிறது முறை.
பதினேழாம் வரிசையைத் தேர்ந்தெடுத்து அழித்தேன்.
எண்கள் உடனே நெருங்கி உட்கார்ந்துகொண்டன.
பனிக்காட்சிகளுக்குக் குறைந்த அளவே போதுமானது
என்று அறிக்கை போனது.

அன்றிரவு அந்தப் படத்தை மறுபடி போட்டேன்.
நான்காவது விநாடி, இடது மேல் மூலை.
முப்பது முறை பார்த்தபோது இல்லாத வரப்பு.
அதற்குப் பிறகு எந்தப் படத்தைப் போட்டாலும்
வானம் வயலாகத்தான் தெரிகிறது.

அடுத்த வாரம் காலை ஆறு மணி பஸ்.
முன் இருக்கையில், மடியில் கேமராப் பையோடு நான்.
கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
'நம்ம மார்க்கெல்லாம் சேந்துச்சுங்களா?'
இல்லை என்றேன். முறையைச் சொன்னேன்.
சொல்லி முடிப்பதற்குள் இரண்டு வளைவு போயிற்று.

'பரவாயில்லைங்க.'

ஐந்தில் அது எது என்று
அவர் பிடரியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.
பதினான்காம் வளைவில் மூட்டம் இறங்கியது,
எங்கே தொடங்கியது என்று காட்டாமல்.
மஞ்சள் விளக்கைப் போட்டார்.
எதிரே எதுவும் தெரியவில்லை,
ஹாரன் அடித்துவிட்டு
வண்டியைத் திருப்பினார்.