ஏ போட்டியின் முன் பம்பர்

ஞாயிறு கல்யாணம்.
வெள்ளி காலை வண்டியைக் கொண்டுவந்து
நானுஓயா ஸ்டேஷனுக்குப் பின்னால்
நிஸ்தார் பாஸின் கராஜில் நிறுத்திவிட்டு
சுமதிபால மாத்தியா சொன்னார்:
முகம் தெரிய வேண்டும்.
யார் முகம் என்று சொல்லவில்லை.

ஐம்பத்தோராம் ஆண்டு ஒஸ்டின். ஏ போட்டி.
கிரில், இரண்டு லைட் வளையம், நான்கு வீல் கப்,
பொனட் நுனியில் பறக்கிற ஒற்றை எழுத்து.
பிறகு இந்தப் பம்பர்,
போன மழைக்கு முந்தின மழையிலிருந்து
யாரும் தொடாதது.

முதலில் சவர்க்காரமும் வெந்நீரும்.
மண்ணோடு தேய்த்தால் மண்தான் கீறும்.
முதலில் கழுவு, பிறகு கோபப்படு.
இது என் சட்டம்.

அடுத்தது தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற சில்வர் தாள்.
உள்ளங்கை அளவு கிழித்து
நனைத்துக் கசக்கி வைத்தேன்.
அலுமினியம் குரோமைவிட மெது,
அதைக் கீறத் தெரியாது.
துருவை மட்டும் தேடிப் பிடிக்கும்.
தேய்க்கத் தேய்க்க ஒரு சாறு வழிகிறது
ஆறிப்போன தேத்தண்ணி நிறத்தில்.

இந்தத் தாளுக்குள் படுத்துத்தான்
எங்கள் கொழுந்து கப்பல் ஏறியது.
இந்தப் பம்பர் கப்பலில் வந்து இறங்கியது.
இரண்டும் என் விரலுக்கடியில்
இன்றைக்குத்தான் சந்திக்கின்றன.
பேச்சு கொஞ்சம் சத்தமாகத்தான் போகிறது.

பதினொரு மணிக்கு இடது மூலையில்
தாள் வழுக்கியது.
மினுக்கம் இருந்தது, குளிர் இல்லை.
நகத்தால் சுரண்டினேன்.
சில்வர் பெயின்ட்.
விற்கிற அவசரத்தில் எவனோ
துருவின் மேலேயே பிரஷ் ஓட்டியிருக்கிறான்.
தின்னர் நனைத்த பஞ்சை வைத்ததும்
ஒரு சாண் நீளத்துக்கு
அம்மை வார்த்த முகம் எழும்பி வந்தது.

நிஸ்தார் பாஸ் எட்டிப் பார்த்தார்.
'ரெண்டு நாளைக்குத்தானே சந்தனமேரி,
அதே பெயின்டைத் திருப்பி அடி.'
டின் கூட அலமாரியில் இருந்தது.
மூடியைப் பாதி திறந்தும்விட்டேன்,
அதை மறைக்கவில்லை.
பிறகு போனை எடுத்தேன்.

'நீ தேய்த்துத்தான் போயிருக்கும்' என்றார் மாத்தியா.
'இல்லை, போனதை இப்போதுதான் பார்க்கிறீர்கள்.
குரோம் கடைசித் தோல்.
அடியில் நிக்கல், அதற்கும் அடியில் இரும்பு.
இருப்பதைத் துலக்கித் தரலாம்.
இல்லாததை எப்படித் துலக்க?
கொழும்பில் கொடுத்து முக்கி எடுக்க மூன்று வாரம்.
மாப்பிள்ளை காத்திருப்பாரா?'

அந்தப் பக்கம் நெடுநேரம்
ஒரு மின்விசிறி மட்டும் பேசியது.
'சரி, அந்த மூலையில்
பெரிய பூவாகக் கட்டச் சொல்கிறேன்.'

எனக்குச் சிரிப்பு வந்தது.
ஆனால் நியாயமான ஆள்.
பூ ஞாயிறு இரவே வாடிவிடும்.
பெயின்டைப்போல வருஷக்கணக்கில்
பொய் சொல்லத் தெம்பு கிடையாது அதற்கு.

குழிகளில் எண்ணெய் விட்டேன்.
பின்பக்கத்துக்கும் பூசினேன்.
பம்பரின் பின்பக்கத்துக்கு
யாரும் குரோம் போடுவதில்லை,
யாரும் காசு தருவதுமில்லை.
துரு அங்கேதான் குடியிருந்து குட்டி போடும்.

நாலரை மணி.
மெழுகு பூசுமுன் கிட்டப் போய்
ஹா என்று ஊதினேன்.
சுத்தமான இடத்தில் மூச்சு
ஒன்றாய் வந்து ஒன்றாய்ப் போகும்.
பிசுக்கு மிச்சமிருந்தால்
தங்கித் தங்கிப் போகும்.
போனது.
போன இடத்தில் நான் இருந்தேன்,
நெற்றி குறுகி, மூக்கு வீங்கி.
தோளுக்குப் பின்னால் ஸ்டேஷன்
வாழைக்காயாய் வளைந்து கிடந்தது.
பதுளை ரயில் தன் வாலையே
கடிக்கப்போவதுபோல வந்துகொண்டிருந்தது.
முகம் தெரிகிறது மாத்தியா.
அழகாக என்று நீங்கள் கேட்கவில்லை.

மெழுகு டின்னைத் தேடித் திரும்புவதற்குள்
கிரேட் வெஸ்டர்ன் மலைப் பக்கமிருந்து
மூடுபனி கராஜுக்குள் நுழைந்தது.
என்னைக் கேட்காமலேயே
பம்பர் முழுக்க ஒரே ஊதாக ஊதிவிட்டு
நிற்கிறது,
எந்த மூலையில் தங்குகிறேன் பார் என்று.